சொன்னது சொன்னபடி

ஜூன் 10, திங்கள்

தினமும் ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பலவீனம் இடது கையில், நான் எழுதுவதோ வலது கையால், இதனால் என்ன பயன் என்று கேட்டேன். "கைக்கு இல்ல சார், மூளைக்கு" என்றார். எழுதுகிறேன்.

ஏப்ரல் 29 அன்று என் மூளையின் வலப்பக்கத்தில் ஒரு சிறு இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். இடது கையில் டம்ளர் பிடித்தால் இன்னும் நடுங்குகிறது. மற்றபடி நலம். மற்றபடி நலம் என்பது என் கருத்து.

இன்று பள்ளி திறந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒன்பதுக்கும் பத்துக்கும் தமிழ் எடுத்த எனக்கு இந்த ஆண்டு ஆறும் ஏழும். தலைமையாசிரியர் ஞானதிரவியத்தின் ஏற்பாடு. அவர் என்னைவிட இரண்டு ஆண்டு இளையவர். அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தவர். 'ஒரு', 'ஓர்' எங்கே வரும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. பதவி அவருக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, கொஞ்ச நாளைக்கு சின்னப் பிள்ளைகளப் பாத்துக்கிடுங்க. உங்க இடம் உங்களுக்குத்தான். அதுல யாரும் கை வைக்க முடியாது" என்றார்.

ஆசிரியர் அறைக்குப் போனேன். என் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சோபியா டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞானதிரவியம் சொல்வதெல்லாம் இப்படித்தான்.

ஜூன் 13, வியாழன்

நான் உள்ளே நுழைந்ததும் சோபியா டீச்சர், "தமிழய்யா வந்த பொறவுதான் ஸ்டாஃப் ரூமே களைகட்டுது" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இது கேலியா, வரவேற்பா? முன்பெல்லாம் எனக்கு உடனே தெரிந்துவிடும். ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும். இன்று மூன்றாம் பிரிவேளை முழுவதும் யோசித்தும் தெரியவில்லை.

ஜூன் 15, சனி

மருத்துவமனை. மருத்துவர் என்னை வேறோர் அறைக்கு அனுப்பினார். அங்கே முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், கையில் காகிதக் கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். கழித்தேன்.

"'அவன் கம்பி நீட்டிட்டான்'னு சொன்னா என்ன அர்த்தம் சார்?"

"ஒருவன் கம்பியை நீட்டினான்."

"வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"கம்பி வளைந்திருந்தால் நீட்டுவார்கள்."

அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி செண்பகம் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சட்டென்று நினைவு வந்தது: கம்பி நீட்டுதல் என்றால் ஓடிவிடுதல். இருபத்து நான்கு ஆண்டு நான் நடத்திய பாடம். இறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றேன்.

"விடுங்க" என்றாள் செண்பகம்.

"தெரியாமல் இல்லை. நினைவு வரத் தாமதமாயிற்று என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்."

"விடுங்கங்க. டாக்டருதான் சொன்னாங்கள்லா, பேச்சுல உள்ள கேலி, குத்தல், பொடி வச்சுப் பேசுறது, அதையெல்லாம் புரிஞ்சுக்கிற பக்கத்துலதான் அடைப்பு வந்திருக்குன்னு. சில பேருக்கு ஆறு மாசத்துல சரியாயிருமாம்."

"மற்றவர்களுக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளியில் யாருக்கும் இதைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

வெண்டைக்காய் வாங்கிவரச் சொன்னாள். வாங்கினேன். முற்றல் என்றாள். முற்றல்தான்.

ஜூன் 19, புதன்

ஞானதிரவியம் அழைத்தார். "நிர்வாகத்துல ஒரு லெட்டர் கேக்காங்க அண்ணாச்சி. ஜூலை ஒம்பதாம் தேதி உங்க கிளாஸ்ல வந்து உக்காருதேன். சும்மா ஒரு கண்துடைப்புதான்" என்றார்.

அறைக்கு வந்தபின்தான் 'கண்துடைப்பு' விளங்கியது. விளங்கியதும் நிம்மதி வரவில்லை. அவர் நன்றாக எழுதினால் நான் தொடரலாம். எழுதாவிட்டால் மறுபடியும் மருத்துவ விடுப்பு, அதன்பின் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீடு. இன்னும் பத்து ஆண்டுப் பணி இருக்கிறது. எனக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. வேறு எதிலும் நான் நல்ல பெயர் எடுத்ததும் இல்லை.

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஜூலை இரண்டாம் வாரம், ஏழாம் வகுப்பு: நேர்ப்பொருளும் குறிப்புப்பொருளும், மரபுத்தொடர்கள்.

வேறு பாடம் கேட்டால் காரணம் கேட்பார்.

ஜூன் 20, வியாழன்

இலக்கணக் கையேட்டிலிருந்து மரபுத்தொடர்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். ஆறாம் வகுப்பில் ஆங்கிலச் சொற்களை இப்படித்தான் மனப்பாடம் செய்தேன். என் தாய்மொழியையும் இப்படிப் படிக்க வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

செண்பகம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"ஆறப் போடுதல்?"

"தாமதப்படுத்துதல்."

"கயிறு திரித்தல்?"

"இல்லாததைச் சொல்லுதல்."

"காது குத்துதல்?"

"ஏமாற்றுதல்."

"பரவால்லயே. எங்க வீட்டுல பொண்ணு பாக்க வந்தப்ப, நீங்க ரொம்ப சாந்தமான ஆளுன்னு உங்க அக்கா சொன்னாங்களே, அது என்ன குத்துதல்?"

"அக்கா எதையும் குத்தவில்லையே?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது சொல்லுதேன், கை கழுவுதல்?" என்றாள்.

"பொறுப்பை விட்டு விலகுதல்."

ஜூன் 22, சனி

இன்று எழுதுவதை எழுதத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை.

பரணிலிருந்து என் பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் படித்தேன். தொடர்கள் அதில் நிறைய இருக்கும், பயிற்சியாகும் என்று நினைத்தேன். என் கையெழுத்துதான். ஆனால் அடிக்கடி நின்று நின்று படிக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் 'அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது' என்று இருக்கிறது. முள் எப்படி அங்கே போயிற்று என்று யோசித்துவிட்டு, பிறகுதான் உருவகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

2001 மார்ச் 8. என் ஆய்வேட்டை நெறியாளர் திருப்பிக் கொடுத்த நாள். அந்த மனிதரால்தான் எனக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. கல்லூரி வேலையும் கிடைக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "கையெழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி. நானூறு பக்கம் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்க. பத்திரமா வீட்டுல வச்சுக்கங்க."

அதன் கீழே இரண்டு கோடு போட்டு, 'இந்த அவமானத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன்' என்று எழுதியிருக்கிறேன்.

நான்கு முறை படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்கிறார். பத்திரமாக வைக்கச் சொல்கிறார். இதில் அவமானம் எந்தச் சொல்லில் இருக்கிறது? இருந்திருக்க வேண்டும். இருபத்து மூன்று ஆண்டு ஒரு மனிதரை வெறுத்திருக்கிறேன், காரணம் இல்லாமலா இருக்கும்? செண்பகத்திடம் காட்டினேன். படித்துவிட்டு, "நக்கல்தாங்க. நல்லாவே நக்கல் பண்ணிருக்காரு" என்றாள். எந்த இடத்தில் என்று கேட்டேன். எல்லா இடத்திலும் என்றாள்.

சரி. அவர் விஷயத்தில் நான் நினைத்தது சரிதான். ஆனால் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

பிறகு 2002 ஜனவரிக்கு வந்தேன். திருமணமாகி முதல் பொங்கல். மாமனார் வீட்டில் பந்தி. பத்துப் பேர் முன்னால் மாமனார் சொன்னார்: "எங்க மாப்பிள்ளை வாயத் தொறந்தா தமிழ் அருவியால்லா கொட்டுது!" பட்டம் கிடைக்காத தமிழை அவர் குத்திக் காட்டியதாக நான் எழுதியிருக்கிறேன். பாதி இலையில் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. 2007இல் அவர் இறந்தபோதும் போகவில்லை. செண்பகம் தனியாகப் போனாள். பதினாறாம் நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

இதையும் அவளிடம் காட்டினேன்.

"இது கேலியா, இல்லையா?"

அவள் நோட்டை வாங்கவில்லை.

"அன்னைக்கே சொன்னேன். அதுக்கப்புறமும் எத்தனை தடவ சொல்லிருப்பேன். அப்பா பெருமையா சொன்னாங்க. அவங்களுக்கு நக்கல் பண்ணத் தெரியாது. அஞ்சாங் கிளாஸ் படிச்ச மனுசன். மாப்பிள்ளை தமிழ் வாத்தியாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க."

"நீ சொன்னதாக எனக்கு நினைவில்லை."

"நான் சொன்னதயும் நீங்க நக்கல்னுதான் எடுத்துக்கிட்டீங்க."

அருவி என்றால் அருவி. வேறொன்றும் இல்லை. இதை அன்று என்னால் படிக்க முடியவில்லை. நெறியாளர் சொன்னதை இன்று என்னால் படிக்க முடியவில்லை. மற்ற நோட்டுகளை மறுபடியும் பரணில் வைத்துவிட்டேன். அவற்றில் இருப்பவர்களில் யார் எந்தப் பக்கம் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

செண்பகம் பேசவில்லை. இட்லி இருந்தது.

ஜூலை 3, புதன்

ஏழாம் வகுப்புக்குச் சொந்தமாக ஓர் உருவகத் தொடர் எழுதிவரச் சொல்லியிருந்தேன். நாற்பத்தொரு நோட்டு. ஆன்சி என்ற பெண், இரண்டாம் பெஞ்சு, கண்ணாடி போட்டவள், 'என் தம்பி ஒரு அலாரம்' என்று எழுதியிருந்தாள். 'தம்பி மனிதன், அலாரம் பொருள். ஓர் அலாரம் என்று வர வேண்டும். திருத்தி எழுதுக' என்று சிவப்பு மையால் எழுதினேன்.

காபி கொண்டுவந்த செண்பகம் அதைப் பார்த்தாள். உள்ளே போய் வெள்ளை மை எடுத்து வந்து, நான் எழுதியதில் 'ஓர்' பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தாள். ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதினாள். அவள் கையெழுத்து என் கையெழுத்தைப் போலவே இருந்தது. எப்போது பழகினாள் என்று தெரியவில்லை.

"காலங்காத்தால அழுது எல்லாரையும் எழுப்பி விடுவான் போல. சின்னப் பயலா இருப்பான்" என்றாள்.

மீதி நோட்டுகளை அவளே பார்த்தாள். நான் அவரைக்கு நார் எடுத்தேன்.

ஜூலை 8, திங்கள்

நூற்றுப் பன்னிரண்டும் மனப்பாடம். கீழிருந்து மேலாகக் கேட்டாலும் சொல்வேன். நடுவிலிருந்து கேட்டாலும் சொல்வேன். செண்பகம் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். நாளைக்குத்தானே என்றேன். இன்னைக்கும் இருக்கட்டும் என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

பாடம் நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞானதிரவியம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் நான் ஒரு தவறும் செய்யவில்லை. 'கை கழுவினான்' என்று கரும்பலகையில் எழுதி, சாப்பிட்டபின் கழுவுவது நேர்ப்பொருள், பொறுப்பை விட்டு விலகுவது குறிப்புப்பொருள் என்றேன். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பொருள் சொன்னேன். ஞானதிரவியம் தலையாட்டினார். முடிய எட்டு நிமிடம் இருந்தது.

அப்போது அவர் எழுந்தார். "புஸ்தகத்துல இல்லாததா, சொந்தமா ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க பாப்போம். அய்யா பொருள் சொல்லுவாங்க" என்றார். அவர் முகத்தில் புன்னகை இருந்தது. எனக்கு உதவி செய்தாரா, சோதித்தாரா என்று தெரியவில்லை.

ஆன்சி எழுந்தாள். "எங்க அம்மா முகம் பூட்டுன கடை, அய்யா."

நான் யோசித்தேன். எனக்கு ஷட்டர் இறக்கிய ஒரு கடைதான் தெரிந்தது. பூட்டு தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது கேட்டால் நேரம் கிடைக்கும் என்று, "உன் அம்மாவுக்குக் கடை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆன்சி சிரிக்கவில்லை.

"இருந்துச்சு அய்யா. தையக்கடை. அப்பா தவறுன பொறவு பூட்டியாச்சு."

"என்ன தவறு செய்தார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அப்பா ஒரு தப்பும் பண்ணல அய்யா" என்றாள். நான், தவறு செய்யவில்லை என்றால் தவறினார் என்று ஏன் சொல்கிறாய், வாக்கியத்தைத் திருத்திச் சொல் என்றேன். ஞானதிரவியம் வேகமாக முன்னால் வந்து, அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "போதும் அண்ணாச்சி" என்றார். பிள்ளைகள் முன்னால் அவர் என்னை அண்ணாச்சி என்று சொன்னதில்லை. மணி அடித்தது.

மொத்தத்தில் பாடம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் அந்தப் பெண் அழுதாள். காரணம் தெரியவில்லை.

மாலை

மேலே எழுதியதைச் செண்பகத்திடம் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தவறிட்டாங்கன்னா செத்துப் போயிட்டாங்கன்னு அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்ல."

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். மரபுத்தொடர்ப் பட்டியல் முடிந்து இரண்டு பக்கம் தள்ளி, 'மங்கலம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. இறந்தார் என்று சொல்லாமல் துஞ்சினார், இயற்கை எய்தினார், காலமானார் என்பது. அது தகுதி வழக்கு. வேறு தலைப்பு. நான் மரபுத்தொடர்ப் பக்கங்களை மட்டும்தான் மனப்பாடம் செய்தேன். அந்தப் பட்டியலிலும் 'தவறினார்' இல்லை. அது புத்தகத்தில் வராத சொல். இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் சொல். நானே என் தந்தைக்குச் சொன்ன சொல்.

ஜூலை 10, புதன்

பள்ளி விட்டதும் ஞானதிரவியம் வீட்டுக்கு வந்தார். அவர் இங்கே வந்தது இதுவே முதல் முறை. செண்பகம் காபி கொடுத்தாள். ஆன்சியின் தந்தை மே மாதம் ஒரு விபத்தில் இறந்தாராம். அப்போது நான் மருத்துவமனையில் இருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, உடம்புதான் முக்கியம். கொஞ்ச நாள் காத்தாட இருங்க. நீங்க இல்லாதது எங்களுக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரிதான். மத்தத மெல்லப் பாத்துக்கிடலாம்."

அவர் கைகளைப் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. பார்த்த பிறகுதான், பார்த்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவரும் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"ஞானதிரவியம், நான் பள்ளிக்கு வரலாமா, கூடாதா? சுற்றாமல் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் செண்பகத்தைப் பார்த்தார். அவள், "அவங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் சார் புரியும்" என்றாள்.

"வர வேண்டாம் அண்ணாச்சி. உங்களால இனிமே தமிழ் எடுக்க முடியாது. அப்படித்தான் லெட்டர் எழுதிருக்கேன். எழுத எனக்குப் பிடிக்கல. எழுதிட்டேன்."

ஐந்து வாக்கியம். ஒன்றிலும் எனக்குப் புரியாத சொல் இல்லை. கடந்த பத்து வாரங்களில் என்னிடம் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் செருப்புப் போட்டு, வண்டியைக் கிளப்பிப் போகும்வரை காத்திருந்தேன். வரவில்லை. இவரைப் பற்றியும் பரணில் ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது. அதைப் படிக்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

நோட்டுகளையும் சாவியையும் ஒப்படைக்கப் பள்ளிக்குப் போனேன். சோபியா டீச்சர் ஏதோ சொன்னார். நன்றி என்றேன்.

இடைவேளையில் குடிநீர்க் குழாயருகே ஆன்சி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். சொன்னேன்.

"உன் அப்பா இறந்துபோனது எனக்குத் தெரியாது. நீ சொன்னபோதும் எனக்குப் புரியவில்லை. எனக்கு உடம்பில் ஒரு கோளாறு. உன் வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. பிழை என்னுடையது. மன்னித்துவிடு."

பாட்டில் நிரம்பி வழிந்தது. அவள் மூடியைத் திருகினாள்.

"பரவால்ல அய்யா" என்றாள். வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை என்றால் மன்னித்துவிட்டாள் என்று பொருளா?"

"அது சொல்லுறதப் பொறுத்துங்க. எப்படிச் சொன்னா?"

"பரவால்ல அய்யா என்று சொன்னாள்."

"அது தெரியுது. சொல்லும்போது மொகம் எப்படி இருந்துச்சு?"

நான் சொல்லைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.